நகம் சொல்லும் சாட்சி

திருமணத்துக்கு இன்னும் பத்து நாட்கள். பந்தல் பேசியாகிவிட்டது, சமையலுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது, அழைப்பிதழ் உறவினர் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இனி மணப்பெண்ணைத் தயார் செய்யவேண்டும் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். எதனைத் தயார் செய்வது? பிறந்த வீட்டை விட்டுப் புதிய வாழ்வுக்குள் நுழையப் போகிறவளின் உள்ளத்தையா? அவள் உரிமையையா? அவள் பெயரிலே இருக்கவேண்டிய சொத்தையா? அல்ல! முகத்தை, கூந்தலை, பாதத்தை, பிறகு விரல் நுனியிலே கிடக்கும் நகத்தை! வெட்டி, அராவி, மெருகேற்றி, மருதாணி வைத்து, போதாதென்று அதன்மேல் வண்ணமும் தீட்டி, புகைப்படக்காரர் அருகில் வந்து எடுக்கும் ஒரு நொடிக்காக ஒரு வாரம் பாடுபடுகிறார்கள்.

"மணமகனின் நகம்?" என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்கள். "வெட்டிக்கொண்டு வந்தால் போதாதா!" என்பார்கள். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்த வாரம் பேச விரும்புகிறோம்.

நாட்டிலே எத்தனையோ பெரிய கேள்விகள் இருக்க, நகத்தைப் பற்றியா எழுதுவது என்று தோழர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். தாலியைப் பற்றிப் பேசத் தொடங்கியபோதும் இதே முகச்சுளிப்புத்தான் எதிர்ப்பட்டது. சிறிய பொருளுக்குள்ளே பெரிய வழக்கம் ஒளிந்துகொள்வது எளிது. யாரும் அங்கே தேடமாட்டார்கள் அல்லவா?

முதலில் மருதாணி. அம்மியிலே இலையை வைத்து, கொட்டைப்பாக்கும் புளியும் சேர்த்து அரைத்து, விரல் நுனிகளுக்குத் தொப்பி போட்டதுபோல் அப்பி, உள்ளங்கை நடுவிலே ஒரு வட்டமும் வைத்து, இரவெல்லாம் கையை அசைக்காமல் தூங்கி, காலையிலே கழுவிப் பார்ப்பது நம் நாட்டுப் பெண்கள் நெடுங்காலமாக அறிந்த இன்பம். அதிலே நமக்குக் குறையொன்றும் இல்லை. குறை வருவது கழுவிய பிறகு. சுற்றி நிற்கும் பெண்கள் கையைத் திருப்பிப் பார்க்கிறார்கள். நன்றாகச் சிவந்திருந்தால், "உன்மேல் அவனுக்கு உயிர்!" என்கிறார்கள். வெளிறியிருந்தால் பேச்சு குறைகிறது. வரப்போகும் கணவனின் அன்புக்கு அவள் நகம் சாட்சி! அவன் அன்பு செலுத்தாவிட்டால் அதற்கும் அவள் கைதான் முன்கூட்டியே பழி சுமந்து நிற்கிறது. குற்றம் செய்யப் போகிறவன் ஒருவன். கூண்டிலே நிறுத்தப்படுவது வேறொருத்தியின் விரல்!

மருதாணி ஏன் சிவக்கிறது? இலையிலே லாசோன் என்று ஒரு பொருள் இருக்கிறது. நம் நகமும் தோலின் மேற்பரப்பும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனவை. லாசோன் அந்தப் புரதத்தோடு பிணைகிறது, பிணைந்தால் நிறம். புளியும் எலுமிச்சையும் சேர்ப்பது வீண் சடங்கல்ல. புளிப்பு அந்தப் பொருளை இலையிலிருந்து மெல்ல வெளிக்கொணர்கிறது. இலை புதிதா பழையதா, எத்தனை மணி நேரம் கையிலே இருந்தது, கை வெதுவெதுப்பாக இருந்ததா, தோல் எவ்வளவு தடிப்பு என்பவை அதன் ஆழத்தைத் தீர்மானிக்கின்றன. மணமகனின் உள்ளம் இந்தக் கணக்கிலே எந்த இடத்திலும் வரவில்லை.

தோல் தடிப்பு என்றோம். அங்கேதான் வேடிக்கை. மேல்தோல் தடித்த இடத்தில் மருதாணி ஆழமாகப் பிடிக்கிறது. ஆகவேதான் புறங்கையைவிட உள்ளங்கையும் உள்ளங்காலும் அதிகம் சிவக்கின்றன. நாற்று நட்டு, களை பறித்து, சுள்ளி ஒடித்து, காய்ப்பேறிய கைக்கு நிறம் நன்றாகவே ஏறும். சிவப்புத்தான் கணவன் அன்பின் அளவு என்றால், இந்த நாட்டிலே கணவனின் அன்புக்கு முதல் உரியவள் வயலிலே வேலை செய்யும் பெண்ணாக அல்லவா இருக்கவேண்டும்! அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள். மருதாணி சொன்ன சோதிடத்தின் யோக்கியதை விளங்கும்.

மூடநம்பிக்கை என்பது சும்மா இருக்கும் பிராணியன்று, தோழர்களே; அதற்குத் தீனி போட்டாகவேண்டும். நகமும் கையும் கருஞ்சிவப்பாக வேண்டும், அதுவும் ஒரு மணி நேரத்தில் வேண்டும் என்று கேட்கும் கூட்டம் உண்டாகிவிட்டால், அதற்கேற்ற சரக்கும் கடைக்கு வந்துவிடுகிறது. "கறுப்பு மருதாணி" என்ற பெயரிலே விற்கப்படும் பசைகளில் தலைச்சாயத்திலே பயன்படும் பாரா-ஃபினிலின்டையமின் என்ற இரசாயனம் கலக்கப்படுவதுண்டு. அது தோலிலே நேராகப் படும்போது சிலருக்குக் கொப்புளம் எழும்பிப் புண்ணாகிறது. ஒருமுறை ஒவ்வாமை உண்டானால் பிறகு ஆயுள் முழுதும் தலைச்சாயம் முதல் பலவற்றைத் தொடமுடியாமல் போகிறது. அன்பின் அடையாளம் தேடப்போய் ஆறாத வடு!

இதே மருதாணியைக் கணவனை இழந்தவளுக்கு மறுத்தது நம் சமுதாயம். செடி அதே செடி; நகம் அதே நகம். அவளுடைய கெரட்டின் மட்டும் லாசோனோடு பிணையக்கூடாதென்று எந்த இயற்கை விதி சொல்லிற்று? கன்னிக்கு ஆசை காட்டி, மனைவிக்குக் கடமையாக்கி, விதவைக்குத் தடை விதித்த பொருளை "பெண்ணின் இயல்பான அலங்கார ஆசை" என்று எப்படி அழைப்பது? இயல்பான ஆசைக்கு இத்தனை காவலர்கள் எதற்கு?

அடுத்து, நகத்தை வெட்டும் கை. செவ்வாயிலும் வெள்ளியிலும் நகம் வெட்டக்கூடாது, விளக்கு வைத்தபின் வெட்டக்கூடாது, வீட்டுக்குள்ளே விழுந்தால் தரித்திரம் என்று வழக்கங்கள் இருக்கின்றனவே, அவற்றை நாம் இங்கே விரித்துரைக்கப் போவதில்லை. அகல் விளக்கின் மங்கிய ஒளியிலே கத்தியால் நகம் களைந்த காலத்தில் இரவுத் தடைக்காவது ஒரு காரணம் இருந்தது. மின்விளக்கும் நகவெட்டியும் வந்தபின் அதுவும் போயிற்று. வெள்ளிக்கிழமைக்கு ஒரு காரணமும் எந்நாளும் இருந்ததில்லை. அவ்வளவே.

நாம் பேச விரும்புவது நாவிதரைப் பற்றி. மணமகனுக்கு முகம் மழித்து நகம் களைந்து மணமேடைக்கு அனுப்பியவர் ஊர் நாவிதர். கொங்கு நாட்டு வேளாளர் திருமணங்களிலே மங்கல வாழ்த்துப் பாடும் உரிமையும் அவருக்கே. என்ன விந்தை! வாழ்த்துவதற்கு அவர் வாய் வேண்டும். அழகு செய்ய அவர் கை வேண்டும். பந்தியிலே பக்கத்தில் உட்கார அவர் உடல் மட்டும் வேண்டாம்! வெட்டி எறிந்த நகத்தைத் தொட்டதால் அவருக்குத் தீட்டு என்றார்கள். அந்த நகத்தை அதுவரை வளர்த்தவனுக்குத் தீட்டில்லையாம்! அழுக்கு யாருடையது, அவமானம் யாருக்கு?

வடநாட்டிலும் இந்தக் கதை உண்டு. மணம் போன்ற மங்கல நாட்களிலே நாவிதப் பெண் வந்து நகம் களைந்து பாதத்துக்குச் செம்பூச்சு இடும் சடங்கை நஹச்சூ என்பார்கள். இராமனுக்கு அந்தச் சடங்கு நடந்ததைத் துளசிதாசர் "இராமலலா நஹச்சூ" என்ற தனி நூலாகவே பாடியிருக்கிறார். தெய்வம் என்று கொண்டாடப்படுபவனுக்கும் நகம் வளர்ந்தது. அதை வெட்ட ஓர் ஏழைப் பெண்ணின் கை வேண்டியிருந்தது. பாடினார்கள், பரிசு தந்தார்கள். ஆனால் நகம் வெட்டியவளின் சாதி இருந்த இடத்திலேயே இருந்தது.

இன்று நாவிதரின் இடத்திலே அழகு நிலையம் வந்திருக்கிறது. சாதி தீர்ந்ததா என்றால், தொழிலின் பெயர் மாறியது; குனிந்து உட்கார்ந்திருப்பவர் யார் என்ற கேள்வி மாறவில்லை. பெருநகரத்து நிலையங்களுக்குள்ளே போய்ப் பாருங்கள். மணமகள் சாய்ந்து அமர்ந்திருக்கிறாள். அவள் காலடியிலே, தாழ்ந்த முக்காலியிலே, வடகிழக்கு மாநிலங்களிலிருந்தோ நம் சிற்றூர்களிலிருந்தோ வந்த இளம் பெண்ணொருத்தி பாதத்தை மடியிலே ஏந்தி நகத்தை அராவிக்கொண்டிருக்கிறாள். நகப்பூச்சின் வாடை மணமகளுக்கு ஒரு மணி நேரம். அவளுக்கோ நாள் முழுதும்.

இந்தத் தொழிலின் பெருவளர்ச்சியைக் கண்டது அமெரிக்கா. வியட்நாம் போர் முடிந்த 1975-ல், கலிபோர்னியாவிலே அகதிமுகாம் ஒன்றில் தங்கியிருந்த வியட்நாமியப் பெண்கள் சிலருக்கு, அவர்களைப் பார்க்க வந்த நடிகை டிப்பி ஹெட்ரன் நகக் கலை பயில ஏற்பாடு செய்தார். அவருடைய நகங்களைக் கண்டு அப்பெண்கள் வியந்ததே அதற்குத் தொடக்கம். நாடிழந்து வந்தவர்களுக்கு அது சோறு போட்டது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 2015 மே மாதத்தில் நியூயார்க் டைம்ஸ் நாளேடு அந்நகரத்து நக நிலையங்களைப் பற்றி வெளியிட்ட நீண்ட புலனாய்வு, மறுபக்கத்தைக் காட்டிற்று. சட்டம் சொன்ன கூலிக்கும் குறைவான கூலி. வேலையில் சேருவதற்கே தொழிலாளி பணம் கட்டவேண்டிய கொடுமை. எந்த இனத்தவள் என்பதை வைத்துச் சம்பளத்திலே மேல் கீழ். மூச்சுக்கோளாறும் தோல் நோயும். அந்த மாதமே அம்மாநில ஆளுநர் அவசர நடவடிக்கைக்கு உத்தரவிட்டார். சாதி இல்லாத நாடு என்று நாம் எண்ணியிருந்த இடத்திலே நகத்தைச் சுற்றி ஒரு படிநிலை! விளக்கொளியால் இறுக்கப்படும் ஜெல் பூச்சுகளில் சேர்க்கப்பட்டுவந்த டி.பி.ஓ. என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் தடை செய்தது. ஆண்டுக்கொருமுறை பூசிக்கொள்பவளைவிட, அன்றாடம் பூசிவிடுபவளே அத்தகைய பொருளை மிகுதியாகத் தொடுகிறவள் என்பது சொல்லாமலே விளங்கும். நம் ஊரில் அவளுடைய கையுறையையும் காற்றோட்டத்தையும் பற்றிப் பேசத் தொழிற்சங்கம் எங்கே?

ஆயினும் நகத்தின் உண்மையான இரகசியம் வேறு. நீண்ட நகம், பளபளக்கும் நகம், கீறல் இல்லாத நகம் ஊருக்கு என்ன அறிவிக்கிறது? "இந்தக் கை உழைக்காத கை!" என்று. சீனத்துப் பேரரசி சிசியின் புகைப்படங்களைப் பார்த்தவர்களுக்கு அவர் விரல்களிலே மாட்டியிருக்கும் நீண்ட நகக் கவசங்கள் நினைவிருக்கும். தன் கையால் ஒரு வேலையும் செய்யத் தேவையில்லாதவருக்கு மட்டுமே அத்தகைய நகம் இயலும். உழைப்பிலிருந்து விலகி நிற்பதையே உயர்வாகக் காட்டிக்கொள்ளும் மேல்தட்டின் மனப்பாங்கை தார்ஸ்டீன் வெப்லன் 1899-ல் "ஓய்வு வர்க்கத்தின் கோட்பாடு" என்ற நூலிலே ஆராய்ந்தார். மனைவியின் ஓய்வும் உடையும் கணவனின் செல்வத்துக்கு விளம்பரமாகின்றன என்பது அவர் கண்ட உண்மைகளில் ஒன்று.

நம் மணமகளின் நகமோ இதையும் விஞ்சிய பொய் சொல்லவேண்டியிருக்கிறது. பேரரசி முன்னாளிலும் உழைக்கவில்லை, பின்னாளிலும் உழைக்கவில்லை. நம் வீட்டுப் பெண்ணோ நேற்றுவரை அம்மாவுக்குத் துணையாகப் பாத்திரம் துலக்கினாள். நாளை மறுநாள் மாமியார் வீட்டிலே துலக்கப் போகிறாள். நடுவிலே ஒரு நாள், ஒரே நாள், "உழைக்காத கை" என்று வேடம்! மத்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வு 2024-ல் என்ன கண்டது? ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் தருகிறார்கள். அதில் ஈடுபடும் ஆண்கள் தருவதோ 88 நிமிடம். வீட்டு வேலையின் பக்கமே எட்டிப் பார்க்காத பெருங்கூட்டத்து ஆண்கள் இந்த 88-ல் சேரவே இல்லை என்பதையும் நினைவிற் கொள்க!

மணமேடையிலே அம்மி மிதிக்கச் செய்கிறார்களே, அதைக் கவனித்திருப்பீர்கள். வண்ணம் தீட்டிய கால்விரலைப் பிடித்து அம்மியின்மேல் வைத்து மெட்டி பூட்டுகிறான் மணமகன். அம்மி இன்று பெரும்பாலான சமையலறைகளை விட்டுப் போய்விட்டது. மணமேடையை விட்டுப் போகவில்லை. சிவந்த நகம் மேலே, அரைகல் கீழே. வரப்போகும் வாழ்க்கையை இதைவிட வெளிப்படையாக எந்தப் புரோகிதரும் சொல்லிவிட முடியாது!

"அப்படியானால் மருதாணி வைப்பது தவறா? நகப்பூச்சு குற்றமா?" என்று நம் தங்கையர் கேட்பார்கள். கேட்கவேண்டும். ஏனெனில் நம் தோழர்களில் சிலர் அவசரக்காரர்கள். கறுப்புச் சட்டை அணிந்து வந்து, மணமகளின் சிவந்த விரலைப் பார்த்து, "என்னம்மா, பகுத்தறிவு நகத்தோடு உதிர்ந்துவிட்டதா?" என்று கேலி பேசுகிறார்கள். அவர்களிடம் நாம் கேட்கிறோம்: தோழா, உன் கைக்கடிகாரம் நேரம் மட்டுமா காட்டுகிறது? உன் மீசையை ஒழுங்கு செய்ய நீ செலவிட்ட அரைமணி எந்தப் புரட்சிக் கணக்கிலே எழுதப்படும்? அலங்காரத்தைப் பகுத்தறிவுக்குப் பகை என்று சொல்வதனால், பெண்ணின் கையை ஆராயும் உரிமையைப் பாட்டியிடமிருந்து பறித்து நீ எடுத்துக்கொண்டாய், அவ்வளவுதான். பாட்டி சிவக்கவில்லை என்று குறை சொன்னாள். நீ சிவந்தது என்று குறை சொல்கிறாய். இருவருக்கும் நடுவிலே கையை நீட்டிக்கொண்டு நிற்பவள் அதே பெண்!

பெண்கள் நகை மாட்டும் பொம்மைகளாக இருக்கலாகாது என்று பெரியார் வாழ்நாளெல்லாம் இடித்துரைத்தார். அந்த இடியுரை பெண்ணுக்கு அவமானம் தேடித்தர எழுந்ததன்று. அவளைப் பொருளாகக் கருதும் கண்ணைக் குத்த எழுந்தது. அழகை விரும்புவது மனித இயல்பு. ஏர் ஓட்டுகிறவனும் மாட்டின் கொம்புக்கு வண்ணம் பூசி மகிழ்கிறான். இங்கே ஒரு வேறுபாட்டையும் எண்ணிப் பார்க்கவேண்டும்: மாடு அந்த வண்ணத்தைக் கேட்டதும் இல்லை, வேண்டாமென்று சொல்லக்கூடியதும் இல்லை. பெண் சொல்லக்கூடியவள்.

ஆகவே அலங்காரம் அவளுடையதா, அவள்மேல் சுமத்தப்பட்டதா என்று அறிய அவள் முகத்து மகிழ்ச்சியைப் பார்த்துப் பயனில்லை. பழகிய விலங்கிலும் மனிதர் மகிழ்ந்திருக்கிறார்கள். "எனக்கு வேண்டாம்" என்று அவள் சொன்னால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். "சரி, உன் விருப்பம்" என்று வீடு அடுத்த வேலையைப் பார்க்கப் போனால், வைத்துக்கொள்வதும் அவள் உரிமை. அம்மா அழுது, அத்தை கோபித்து, சம்பந்தி வீட்டார் "பெண்ணுக்கு ஏதாவது குறையோ?" என்று முணுமுணுத்தால், அவள் சிரித்துக்கொண்டே நீட்டிய கையும் வளைக்கப்பட்ட கைதான்.

மருத்துவமனையிலே பணிபுரியும் செவிலியரை எண்ணிப் பாருங்கள். நோயாளியைத் தொடுகிறவர்கள் செயற்கை நகம் பொருத்தலாகாது, இயற்கை நகத்தின் நுனியும் அரை சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட கைத்தூய்மை நெறிமுறை. நகத்தின் அடியிலே கிருமி தங்கும் என்பதே காரணம். அத்தகைய பெண்ணுக்குத் திருமணம் வருகிறது. ஒரு வாரம் விடுப்பு. "ஒரு நாளைக்காவது நீண்ட நகம் ஒட்டிக்கொள், படம் நன்றாக விழும்" என்கிறார்கள். அவள் தன் குட்டை நகத்தோடு மேடையேற விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பல உயிர்களைத் தொட்டுக் காத்த அந்த நகத்தைவிட, கடையிலே வாங்கி ஒட்டிய பிளாஸ்டிக் துண்டு அழகானது என்று முடிவு செய்ய எவருக்கு அதிகாரம்? அவளே ஒரு நாள் மாறுதலுக்காக ஒட்டிக்கொள்ள விரும்பினால், விடுப்பு முடியுமுன் கழற்றிவிட்டால், தடுக்கவும் எவருக்கு அதிகாரம்?

அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-ல் நம் சட்டமன்றம் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட வடிவம் தந்தது. இந்துத் திருமணச் சட்டத்திலே சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவைப் படித்துப் பாருங்கள். உறவினர், நண்பர் அல்லது வேறு சிலர் முன்னிலையிலே ஒருவரை ஒருவர் துணையாக ஏற்கிறோம் என்று விளங்கும் மொழியிலே சொல்லலாம். அல்லது ஒருவருக்கொருவர் மாலை சூட்டலாம், ஒருவர் விரலிலே மற்றவர் மோதிரம் அணிவிக்கலாம். அல்லது தாலி கட்டலாம். மோதிரத்துக்கு எந்த விரல் என்றுகூட அது கட்டளையிடவில்லை. எந்த விரலானாலும் சரி. அவள் விரல் அவன் கையிலே, அவன் விரல் அவள் கையிலே. மாலையையும் மோதிரத்தையும் பொறுத்தவரை சட்டத்தின் கண்ணுக்கு இரண்டு கைகளும் ஒன்றாகத் தெரிந்தன. மண்டபத்துக் கூட்டத்தின் கண்ணுக்கு இன்னும் ஒரு கைதான் தெரிகிறது.

மணமகனாகப் போகும் இளந்தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். மணநாளுக்கு முந்தைய இரவு மருதாணி அரைக்கும்போது நீயும் போய் உட்கார். உன் நகத்திலும் வைத்துக்கொள். வெட்கமாக இருந்தால் ஒரே ஒரு விரலில். வடநாட்டிலும் இசுலாமியர் வீடுகள் பலவற்றிலும் மணமகனும் மருதாணி இட்டுக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. உலகம் இடிந்து விழவில்லை. மறுநாள் உன் நகம் சிவந்திருக்கிறதா என்று பெரியவர்களிடம் காட்டி, "அவளுக்கு என்மேல் அன்பிருக்குமா, பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேள். அவர்கள் என்ன விடை சொல்கிறார்கள் என்பதை எங்களுக்கு எழுது.

இன்னொரு சிறு கணக்கும் உண்டு. கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்கிறது. தோலில் ஏறிய மருதாணி சில வாரங்களிலே மறைந்துவிடும். நகத்தில் ஏறியதோ நகத்தோடே நகர்ந்து, அடியிலே வெண்மை தோன்ற, சிவப்பு பிறைபோல் சுருங்கிச் சுருங்கி நுனிக்கு வந்து, ஏறத்தாழ ஆறு மாதத்தில் கடைசித் துண்டும் வெட்டப்படுகிறது. அந்தக் கடைசிப் பிறை உங்கள் இருவர் விரலிலும் இருக்கும் நாளொன்றில், இரவு உணவு முடிந்தபின், அந்த வீட்டிலே பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பது யார்? அதையும் சேர்த்து எழுதுங்கள், பெயரில்லாமல் வெளியிடுவோம்.